கணுவும் கணக்கும்: மெலனோமா நிலைப்படுத்தல் முறைகளின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தோலின் நிறமிச் செல்களில் தோன்றும் மெலனோமா என்னும் புற்று, பெரும்பாலும் அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களையே முதலில் சென்றடைகிறது. கணுவில் புற்று உள்ளதா, எத்தனை கணுக்களில் உள்ளது, அது கண்ணுக்கும் கைக்கும் புலப்படும் அளவினதா என்னும் வினாக்களுக்கான விடைகளே நோயின் நிலையைத் தீர்மானிக்கின்றன. 19ஆம் நூற்றாண்டு முதல் இன்றுவரை இவ்வினாக்கள் எவ்வாறு உருப்பெற்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நீக்கப்பட வேண்டிய பொருளாகக் கருதப்பட்ட கணு, நோயின் போக்கை உரைக்கும் சான்றாக மாறியதையும், நிலைப்படுத்தல் எண்கள் தத்தம் காலக் கருவிகளுக்கும் விதிகளுக்கும் கட்டுப்பட்டவை என்பதையும் நிறுவுவது இதன் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: மெலனோமா, நிணநீர்க் கணு, நிலைப்படுத்தல், காவல் கணு, தடிமன், நிலைப் பெயர்ச்சி, மருத்துவ வரலாறு

முன்னுரை

புற்றுநோய் மருத்துவத்தில் 'நிலை' என்பது ஒரு சுருக்கெழுத்து. நோய் எங்குத் தொடங்கியது, எவ்வளவு ஆழ்ந்தது, எவ்வளவு தொலைவு சென்றது என்பனவற்றை ஒரே எண்ணில் அடக்கிக் கூறுவது அது. அவ்வெண்ணைக் கொண்டே மருத்துவர் சிகிச்சையைத் தெரிவுசெய்கிறார். ஆய்வாளர் ஒரு மருந்தின் பயனை மற்றொன்றின் பயனோடு ஒப்பிடுகிறார். நோயாளி தம் எதிர்காலத்தை எடைபோடுகிறார். இத்துணைப் பொறுப்பைச் சுமக்கும் எண், இயற்கையில் முன்னரே இருந்து கண்டெடுக்கப்பட்டதன்று; குழுக்கள் கூடி வகுத்தது, மீண்டும் மீண்டும் திருத்தப்பட்டது.

மெலனோமா இதற்குத் தக்க சான்றாகும். தோலின் மேற்பரப்பில் காணக்கூடிய இடத்தில் தோன்றும் இந்நோய், நிணநீர் நாளங்களின் வழியே அக்குள், கவட்டை, கழுத்து ஆகிய இடங்களிலுள்ள கணுக்களைச் சென்றடைகிறது. தோலில் உள்ளதைக் கண்ணால் அளக்கலாம். கணுவில் உள்ளதை அளக்க ஒவ்வொரு தலைமுறையும் வெவ்வேறு வழிகளைக் கையாண்டது. வழி மாறியபோதெல்லாம் நிலையின் பொருளும் மாறியது.

1. பெயரும் முதற் பதிவுகளும்

1787இல் இலண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர், 35 வயதுடைய ஒருவரின் தாடைப் பகுதியிலிருந்து கருநிறக் கட்டி ஒன்றை நீக்கிப் பாதுகாத்து வைத்தார். அதன் தன்மையை அவர் அறிந்திருக்கவில்லை. 1968இல் அம்மாதிரி நுண்ணோக்கியில் ஆராயப்பட்டபோது, அது மெலனோமாவின் பரவற்கட்டி என்பது உறுதியாயிற்று. 1804இல் பாரிசில் ரெனே லெனெக் இந்நோயைத் தனி நோயாக விளக்கி 'மெலனோசிஸ்' எனப் பெயரிட்டார். உடலின் உட்பகுதிகளில் காணப்படும் கருநிறப் படிவுகள் இந்நோயின் பரவலே என்று உணர்த்தியதில் அவர் பங்கு பெரிது. 'மெலனோமா' என்னும் சொல்லை 1838இல் ராபர்ட் கார்ஸ்வெல் பயன்படுத்தினார்.

இங்கிலாந்தின் ஸ்டவர்பிரிட்ஜ் நகர மருத்துவர் வில்லியம் நாரிஸ் 1820இல் ஒரு நோயாளியின் வரலாற்றையும், 1857இல் எட்டு நோயாளிகளின் வரலாற்றையும் வெளியிட்டார். நோயின் குடும்பத் தொடர்பு, மச்சங்களோடு அதற்குள்ள உறவு, சுற்றியுள்ள நலமான தோலையும் சேர்த்து நீக்க வேண்டிய தேவை ஆகியன அவர் பதிவுகளில் இடம்பெற்றன. எனினும், பரவியது, பரவாதது என்னும் பொதுப்பிரிவைத் தாண்டிய வகைப்பாடு அந்நூற்றாண்டில் உருவாகவில்லை.

2. கணுவை முன்கூட்டியே நீக்கும் கொள்கை

கணுவை மையப்படுத்திய முதல் தெளிவான கோட்பாட்டை 1892இல் இலண்டன் அறுவை மருத்துவர் ஹெர்பர்ட் ஸ்நோ முன்வைத்தார். நோய்ப்பொருளை முதலில் ஏற்கும் கணுக்கள், அது குருதியில் கலவாமல் தடுத்து நிற்கும் அரண்கள் என அவர் கருதினார். எனவே, அவை வீங்கிப் பெருகும்வரை காத்திராமல், நலமாகத் தோன்றும்போதே நீக்கிவிட வேண்டும் என்றார்.

1907இல் வில்லியம் சாம்ப்சன் ஹேண்ட்லி ஆற்றிய சொற்பொழிவுகள் இக்கொள்கைக்கு உடற்கூற்றியல் அடிப்படையைத் தந்தன. புற்றுச் செல்கள் நிணநீர் நாளங்களினூடே தொடர்ச்சியாக ஊடுருவிப் பரவுகின்றன என்பது அவர் கருத்து. ஆதலின், கட்டியைச் சுற்றிய தோலையும் அதனினும் அகன்ற உட்திசுக்களையும் கணுக்களையும் நீக்கும்படி அவர் பரிந்துரைத்தார். இறந்துபோன ஒரே நோயாளியின் உடலை ஆராய்ந்து பெற்ற இம்முடிவு, அரை நூற்றாண்டுக்கு மேல் அறுவை மருத்துவத்தை ஆண்டது குறிப்பிடத்தக்கது.

இக்கொள்கை முறையான சோதனைக்கு உள்ளானது மிகப் பிற்காலத்தில்தான். உம்பர்த்தோ வெரோனேசி தலைமையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் மெலனோமாக் குழு நடத்திய ஆய்வின் முடிவு 1977இல் வெளியாயிற்று. கை கால்களில் மெலனோமா கண்ட 553 நோயாளிகள் அதில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினருக்குக் கணுக்கள் உடனே நீக்கப்பட்டன. மற்றக் குழுவினருக்குக் கணுவில் நோய் தென்பட்ட பின்னரே நீக்கப்பட்டன. இரு குழுவினரின் உயிர்வாழ்விலும் வேறுபாடு காணப்படவில்லை. அரணை முன்கூட்டியே அகற்றுவதால் பயன் விளையும் என்னும் நம்பிக்கை இதனால் ஆட்டங்கண்டது. கணுவில் நோய் இல்லாத பெரும்பாலோரும் வீண் அறுவைக்கு உள்ளாயினர் என்பதும் புலப்பட்டது.

3. ஆழமும் தடிமனும்

இதற்கிடையே நோயியலாளரின் கவனம் தோலிலுள்ள மூலக்கட்டியின் பக்கம் திரும்பியது. 1969இல் வாலஸ் கிளார்க், புற்றுச் செல்கள் தோலின் எந்த அடுக்குவரை இறங்கியுள்ளன என்பதைக் கொண்டு ஐந்து மட்டங்களை வகுத்தார். மேல்தோலுக்குள் மட்டும் இருப்பது முதல் மட்டம். தோலடிக் கொழுப்பை எட்டுவது ஐந்தாம் மட்டம். 1970இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ இதனினும் எளிய அளவை முன்வைத்தார். நுண்ணோக்கியின் கண்ணருகு வில்லையில் பொருத்திய அளவுகோலால், கட்டியின் மேற்பரப்பிலிருந்து மிக ஆழமான புற்றுச் செல்வரை மில்லிமீட்டரில் அளப்பதே அது. 98 நோயாளிகளைக் கொண்டு அவர் செய்த ஆய்வில், 0.76 மி.மீ.க்குக் குறைந்த தடிமனுடைய கட்டிகள் பரவவில்லை எனக் கண்டார்.

கிளார்க்கின் மட்டத்தைத் தீர்மானிப்பதில் நோயியலாளரிடையே கருத்து வேறுபாடு எழுவதுண்டு. பிரெஸ்லோவின் எண்ணில் அத்தகைய ஐயத்துக்கு இடம் குறைவு. காலப்போக்கில் தடிமனே நிலைபெற்றது. கட்டியின் மேல்தோல் சிதைந்து புண்ணாகியிருத்தல் என்னும் கூறும் அதனோடு சேர்ந்தது. இவ்விரு கூறுகளும் கணுவுக்கு நோய் சென்றிருக்கும் வாய்ப்பைக் கணிக்க உதவினவேயன்றி, சென்றதா என்பதை உரைக்கவல்லன அல்ல.

4. மூன்று நிலைகள் நான்கான வரலாறு

பொது வகைப்பாட்டுக்கு வித்திட்டவர் பிரான்சின் பியர் தெனுவா. 1943 முதல் 1952 வரையிலான காலத்தில் கட்டி, கணு, தொலைப்பரவல் என்னும் மூன்று கூறுகளைத் தனித்தனியே குறித்துப் பின் ஒன்றிணைக்கும் டி.என்.எம். முறையை அவர் உருவாக்கினார். பன்னாட்டுப் புற்றுநோய் எதிர்ப்பு ஒன்றியம் அதனை ஏற்று 1968இல் கையேடாக வெளியிட்டது. 1959இல் தோன்றிய அமெரிக்கக் கூட்டுக்குழு தன் முதற் கையேட்டை 1977இல் வெளியிட்டது. இரண்டின் விதிகளும் 1987இல் ஒருமைப்படுத்தப்பட்டன.

மெலனோமாவுக்கு நெடுங்காலம் வழங்கிய எளிய முறை மூன்று நிலைகளைக் கொண்டது: தோலளவில் நிற்பது முதல் நிலை, கணுவுக்குப் பரவியது இரண்டாம் நிலை, தொலைவுறுப்புகளுக்குப் பரவியது மூன்றாம் நிலை. தடிமனின் சிறப்பு உணரப்பட்டபின், தோலளவில் நிற்கும் நோயே முதல், இரண்டாம் நிலைகளாகப் பிரிக்கப்பட்டது. கணுப்பரவல் மூன்றாம் நிலைக்கும் தொலைப்பரவல் நான்காம் நிலைக்கும் நகர்ந்தன. இம்மாற்றம் பழைய ஆய்வுகளைப் படிப்போர் இடறும் இடமாகும். பழைய முறையைப் பின்பற்றிய கட்டுரையில் 'இரண்டாம் நிலை' என்பது கணுவில் நோய் கண்டவரைக் குறிக்கும். இன்றைய கட்டுரையில் அதே சொல் கணுவில் நோயில்லாதவரைக் குறிக்கும். சொல் ஒன்றாயினும் அது சுட்டும் மக்கள் வேறு.

நான்கு நிலை முறையிலும் கணு எவ்வாறு அளக்கப்பட்டது என்பது ஆராயத்தக்கது. 1997ஆம் ஆண்டுப் பதிப்புவரை கணுவின் பருமனே அளவுகோல், 3 செ.மீ. அதன் எல்லைக்கோடு. விரலால் தொட்டு உணரும் காலத்தின் அளவுகோல் இது. தொட்டுணர இயலாத கணுவில் நோய் உறைந்திருக்கக்கூடும் என்பதை அது கணக்கில் கொள்ள இயலவில்லை.

5. காவல் கணுவின் வருகை

1992இல் கலிபோர்னியாவின் டொனால்ட் மார்ட்டன், நோயியலாளர் அலிஸ்டர் காக்ரன் முதலியோருடன் வெளியிட்ட ஆய்வு இந்நிலையை மாற்றியது. மூலக்கட்டி இருந்த இடத்தில் நீலச்சாயம் செலுத்தப்பட்டால், அது நிணநீர் நாளத்தின் வழியே சென்று முதற் கணுவை நீலமாக்கும். அக்கணுவை மட்டும் எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தால், அப்பகுதியின் ஏனைய கணுக்களின் நிலையை ஊகிக்கலாம். புற்று முதலில் வந்து சேரும் வாயிலில் நிற்பதால் அது 'காவல் கணு' எனப்பட்டது. ஆண்குறிப் புற்றுநோய் தொடர்பாக ரமோன் கபானாஸ் 1977இல் இக்கருத்தை முன்வைத்திருந்தார். அவர் முறை உடற்கூற்றியலில் ஒரு குறித்த இடத்தைக் கணுவின் இருப்பிடமாகக் கொண்டது. மார்ட்டன் முறையிலோ, ஒவ்வொரு நோயாளியின் நிணநீரும் தன் வழியைத் தானே காட்டியது.

இவ்வேறுபாடு முக்கியமானது. 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு உடற்கூற்றியலாளர் சாப்பே வரைந்த நிணநீர் வரைபடங்கள், இடுப்புக்கு மேலுள்ள தோல் அக்குளுக்கும் கீழுள்ள தோல் கவட்டைக்கும் வடிவதாகக் காட்டின. உயிருள்ளவர் உடலில் கதிரியக்கப் பொருளைச் செலுத்திப் படமெடுத்தபோது, இவ்வெல்லைகளை நிணநீர் மதிப்பதில்லை என்பது தெரியவந்தது. முதுகில் தோன்றும் மெலனோமா ஒரு பக்க அக்குளுக்கோ இரு பக்கத்துக்குமோ வடியலாம்.

மார்ட்டனின் முதல் ஆய்வில் 237 கணுத்தொகுதிகளுள் 194இல் காவல் கணு கண்டறியப்பட்டது. அவற்றுள் 40இல் புற்று இருந்தது. நோய் தென்படாதவர் எனக் கருதப்பட்டோருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் உண்மையில் கணுப்பரவல் உடையவர் என்பது இதன் பொருள்.

6. பருமனிலிருந்து எண்ணிக்கைக்கு

இப்புதிய சான்றைப் பழைய விதிகள் தாங்கவில்லை. சார்ல்ஸ் பால்ச் முதலியோர் 17,600 நோயாளிகளின் தரவை ஆராய்ந்து 2001இல் முடிவுகளை வெளியிட்டனர். கணுவின் பருமனைவிட, நோயுற்ற கணுக்களின் எண்ணிக்கையே உயிர்வாழ்வை நன்கு கணிப்பதாக அது காட்டியது. கணுப்பரவல் உடையோரை ஒரே குழுவாக நோக்குவது தவறு என்பதும் வெளிப்பட்டது. அவர்களுள் உட்குழுவுக்கேற்ப ஐந்தாண்டு உயிர்வாழ்வு 13 விழுக்காடு முதல் 69 விழுக்காடு வரை வேறுபட்டது.

2002இல் வெளியான ஆறாம் பதிப்பு 3 செ.மீ. எல்லையைக் கைவிட்டது. ஒரு கணு, இரண்டு அல்லது மூன்று கணுக்கள், நான்கும் அதற்கு மேலும் என எண்ணிக்கை வழி மூன்று பிரிவுகள் அமைந்தன. முதலிரு பிரிவுகளும் நுண்ணோக்கியால் மட்டும் அறியப்படும் நுண்பரவல், வெளிப்படையாக அறியப்படும் பெரும்பரவல் என மேலும் பிரிந்தன. 2009இல் வந்த ஏழாம் பதிப்பு, கணுவில் காணப்படும் புற்றுக்குக் குறைந்தபட்ச அளவென ஒன்றை வரையறுக்கவில்லை. நோயெதிர்ப்புப் புரதச் சாயமிடலால் அறியப்படும் மிகச்சிறு செற்கூட்டமும் மூன்றாம் நிலைக்குப் போதுமான சான்றாயிற்று.

2018 முதல் நடைமுறையிலுள்ள எட்டாம் பதிப்பு, பத்து மையங்களில் 1998 முதல் சிகிச்சை பெற்ற 46,000க்கும் மேற்பட்டோரின் தரவை அடிப்படையாகக் கொண்டது. 'நுண்பரவல்', 'பெரும்பரவல்' என்னும் சொற்கள் நீங்கி, 'மருத்துவ ஆய்வில் மறைந்திருந்தது', 'மருத்துவ ஆய்வில் அறியப்பட்டது' என்னும் வழக்குகள் வந்தன. மூலக்கட்டிக்கும் கணுவுக்கும் இடையே தோலில் தோன்றும் வழியிடைப் பரவலும் கட்டியை அடுத்துள்ள சுற்றுக் கட்டிகளும் கணுப்பிரிவிலேயே முறையாகச் சேர்க்கப்பட்டன. மூன்றாம் நிலையைப் பிரிக்கையில் மூலக்கட்டியின் தடிமனும் கணக்கில் கொள்ளப்பட்டது. மூன்றாக இருந்த உட்பிரிவுகள் 3அ, 3ஆ, 3இ, 3ஈ என நான்காயின.

7. நிலைப் பெயர்ச்சி: எண் உயர்ந்தது ஏன்?

ஏழாம் பதிப்பின் தரவில் 3அ பிரிவினரின் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 78 விழுக்காடு. எட்டாம் பதிப்பில் அது 93 விழுக்காடு. 3ஆ பிரிவில் 59 விழுக்காடு 83 ஆயிற்று. 3இ பிரிவில் 40 விழுக்காடு 69 ஆயிற்று. சிகிச்சையில் பெரும்புரட்சி நிகழ்ந்ததாக இவ்வெண்களைக் கொண்டு முடிவுசெய்வது பிழையாகும். நோயெதிர்ப்புத் தடைகளை அகற்றும் புதிய மருந்துகளுள் முதலாவதான இபிலிமுமாப் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றதே 2011இல்தான். அதுவும் முற்றிய நோய்க்கு.

காரணத்தை ஆல்வன் ஃபைன்ஸ்டீன் 1985இல் நுரையீரல் புற்றுநோய் தொடர்பாக விளக்கிய 'வில் ராஜர்ஸ் விளைவில்' காணலாம். ஓக்லகோமாவிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தோரால் இரு மாநிலங்களிலும் சராசரி அறிவுத்திறன் உயர்ந்தது என்னும் பொருள்பட அமெரிக்க நகைச்சுவையாளர் வில் ராஜர்ஸ் கூறியதாக வழங்கும் ஒரு வேடிக்கையிலிருந்து அப்பெயர் வந்தது.

ஒரு கற்பனைக் கணக்கு இதனைத் தெளிவாக்கும். தோலளவில் நோயுடையோர் 100 பேர், அவர்களுள் 80 பேர் ஐந்தாண்டு வாழ்ந்தனர் எனவும், கணுப்பரவல் உடையோர் 50 பேர், அவர்களுள் 20 பேர் வாழ்ந்தனர் எனவும் கொள்வோம். விகிதங்கள் முறையே 80, 40 விழுக்காடு. முதற்குழுவில் மறைந்த கணுப்பரவல் உடையோர் 20 பேர் எனவும், அவர்களுள் வாழ்ந்தோர் 12 பேர் எனவும் பின்னர்க் கண்டறியப்பட்டால், அவர்கள் இரண்டாம் குழுவுக்கு மாற்றப்படுவர். இப்போது முதற்குழுவில் 80 பேருள் 68 பேர், அதாவது 85 விழுக்காடு. இரண்டாம் குழுவில் 70 பேருள் 32 பேர், அதாவது ஏறத்தாழ 46 விழுக்காடு. இரு குழுக்களின் விகிதமும் உயர்ந்தது. ஆயினும் 150 பேருள் வாழ்ந்தோர் முன்பும் 100 பேர்; பின்பும் 100 பேர். ஒருவர் உயிரும் கூடுதலாகக் காக்கப்படவில்லை.

காவல் கணு ஆய்வு மெலனோமாவில் நிகழ்த்தியது இத்தகைய பெயர்ச்சியே. அதனோடு, தடிமன் குறைந்த கட்டியுடையோர்க்கு மட்டுமே உரியதாக 3அ பிரிவு சுருக்கப்பட்டதும் எண் உயர்வுக்குக் காரணமாயிற்று.

8. அரணிலிருந்து சான்றுக்கு

காவல் கணுவின் அறிவிப்பு மிக வலிமையானது. மார்ட்டன் தொடங்கிய முதற் பன்னாட்டு ஆய்வின் இறுதி முடிவு 2014இல் வெளியாயிற்று. இடைத்தடிமனுடைய மெலனோமாவில், காவல் கணுவில் புற்றில்லாதோருள் 85.1 விழுக்காட்டினர் பத்தாண்டுவரை மெலனோமாவால் இறக்கவில்லை. புற்றுடையோரிடம் அவ்விகிதம் 62.1. ஆயினும், காவல் கணு ஆய்வுக்கு உட்பட்ட குழுவினர், காத்திருந்து கண்காணிக்கப்பட்ட குழுவினரைவிட மொத்தத்தில் மெலனோமா இறப்பிலிருந்து மிகுதியாகத் தப்பினர் என நிறுவ இயலவில்லை.

காவல் கணுவில் நோய் கண்டபின் எஞ்சிய கணுக்களையும் நீக்க வேண்டுமா என்பது அடுத்த வினா. 2017இல் வெளியான இரண்டாம் பன்னாட்டு ஆய்வு இதற்கு விடை தந்தது. நீக்கப்பட்டோரிலும் கண்காணிக்கப்பட்டோரிலும் மூன்றாண்டு உயிர்வாழ்வு 86 விழுக்காடே. நிணநீர் வீக்கமோ, நீக்கப்பட்டோரில் 24.1 விழுக்காட்டினர்க்கும் மற்றவருள் 6.3 விழுக்காட்டினர்க்கும் ஏற்பட்டது. கால் பருத்து, நடையும் தொழிலும் இடர்ப்படும் வாழ்நாள் துன்பம் அது. ஸ்நோவின் காலந்தொட்டு வந்த கணுநீக்கக் கொள்கை, காவல் கணுவில் மட்டும் நோயுடையோரைப் பொறுத்தவரை வழக்கொழிந்தது. கணுவை எடுப்பது இப்போது நோயைத் தடுப்பதற்காக அன்று, நோயை அறிவதற்காக.

அறிந்ததன் பயன், மருந்துச் சிகிச்சை வந்தபின் கூடியது. ஆனால் இங்கும் பதிப்பு வேறுபாடு குறுக்கிடுகிறது. அறுவைக்குப்பின் பெம்ப்ரோலிசுமாப் தருவதன் பயனை நிறுவிய 2018ஆம் ஆண்டு ஆய்வு, ஏழாம் பதிப்பின்படி நோயாளிகளைத் தேர்ந்தது. 3அ பிரிவில், கணுவிலுள்ள புற்று 1 மி.மீ.க்கு மேற்பட்டோரை மட்டுமே ஏற்றது. எட்டாம் பதிப்பின்படி 3அ எனப்படும் ஒருவர்க்கு அம்முடிவை அப்படியே பொருத்த இயலாது. தைராய்டு, பிட்யூட்டரி, அட்ரினல் சுரப்பிகளை நிலையாகப் பாதிக்கக்கூடிய மருந்தை, ஐந்தாண்டில் நூற்றுவருள் எழுவரே நோயால் இறக்கும் பிரிவினர்க்குத் தரலாமா என்னும் முடிவு, 'எந்தப் பதிப்பின் 3அ' என்னும் வினாவைச் சார்ந்துள்ளது.

9. வகைப்பாட்டின் எல்லைகள்

எட்டாம் பதிப்பின் தரவு அமெரிக்க, ஐரோப்பிய, ஆஸ்திரேலிய மையங்களிலிருந்து திரட்டப்பட்டது. அங்கு மெலனோமா பெரும்பாலும் வெயில்படும் வெண்தோலில் தோன்றுவது. ஆசிய, ஆப்பிரிக்க மக்களிடையே இந்நோய் அரிது. தோன்றுங்கால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் தோன்றும் வகையின் பங்கு அவர்களிடையே மிகுதி. புறஊதாக் கதிரோடு தொடர்பற்ற இவ்வகையின் மரபணு மாற்றங்களும் போக்கும் வேறுபட்டவை. ஒரு மக்கட்பரப்பில் வகுத்த கணக்கை மற்றொன்றுக்குப் பொருத்துகையில் இவ்வேறுபாடு கருதத்தக்கது.

மற்றோர் எல்லை அண்மையில் எழுந்தது. கணுவில் நோய் வெளிப்பட்டோர்க்கு அறுவைக்கு முன்பே நோயெதிர்ப்பு மருந்து தருவது, பின்னர்த் தொடங்குவதைவிட நோய்மீட்சியைத் தடுப்பதில் மேம்பட்டது என 2023, 2024ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் காட்டின. மருந்துக்குப்பின் எடுக்கப்படும் கணுவில் உயிருள்ள புற்று எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதே இங்கு எதிர்காலத்தைச் சுட்டுகிறது. எண்ணிக்கையைக் கொண்ட நிலை, சிகிச்சைக்கு முந்திய ஒரு நொடியின் படம். எஞ்சிய புற்றின் அளவோ, உடலும் மருந்தும் நோயும் மோதியதன் விளைவு.

முடிவுரை

மெலனோமா நிலைப்படுத்தலில் கணுவை அளந்த முறைகள் தொடுதல், சாயம், நுண்ணோக்கி, புரதச் சாயமிடல் எனக் கருவிகளின் வழியே வளர்ந்தன. பருமன் எண்ணிக்கையாயிற்று, அரண் சான்றாயிற்று. முன்கூட்டிய கணுநீக்கம் பயனற்றது என உணர 1892 முதல் 1977 வரை 85 ஆண்டுகள் தேவைப்பட்டன. காவல் கணுவில் நோய் கண்டபின் எஞ்சியவற்றை நீக்குவதும் தேவையற்றது என உணர மேலும் 40 ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் வீங்கிய கை கால்களோடு வாழ்ந்தோர் இவ்வரலாற்றின் மறைந்த பக்கம்.

நிலையின் பெயரை அதன் பதிப்பிலிருந்து பிரித்துப் படித்தல் கூடாது என்பதே இவ்வாய்வின் வழிப் பெறப்படும் முடிவு. 1960களின் இரண்டாம் நிலையும், 1997இன் மூன்றாம் நிலையும், 2018இன் 3அ பிரிவும் வெவ்வேறு கருவிகள் கண்ட வெவ்வேறு மக்கள். மருத்துவ வரலாற்றை எழுதுவோரும், மருத்துவச் செய்திகளைத் தமிழில் தருவோரும் உயிர்வாழ்வு விகிதங்களை அருகருகே வைக்கும்போது, ஆண்டு, பதிப்பு, கணு ஆராயப்பட்ட முறை ஆகிய மூன்றையும் உடன் குறித்தல் வேண்டும். இல்லையேல், ஒருவரும் கூடுதலாகப் பிழைக்காத இடத்தில் முன்னேற்றத்தையும், உண்மையில் உயிர்கள் காக்கப்பட்ட இடத்தில் வெறும் எண்ணையும் காண நேரும்.